அடுப்படிச் சுவருக்கு டைல்ஸ் தேவையா? தேவையென்றால் எதுவரை?

வீடு கட்டுகிறவர்களிடம் பூச்சு வேலை முடியும் கட்டத்தில் மேஸ்திரி தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கிச்சன் டேடோ எவ்வளவு உயரம் சார், ரெண்டடியா, லிண்டல் வரைக்குமா?" சமையல் மேடைக்கு மேலே சுவரில் ஒட்டும் டைல்ஸ் பட்டையைத்தான் அவர்கள் டேடோ என்கிறார்கள். லிண்டல் என்பது கதவு, சன்னல்களுக்கு மேலே வரும் கான்கிரீட் உத்தரம். பெரும்பாலோர் பக்கத்து வீட்டில் பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதிலின் பலனை அடுத்த பல ஆண்டுகளுக்குத் தினமும் அனுபவிக்கப்போகிறவர் அந்தச் சுவரைத் துடைப்பவர் என்பதால், பதில் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாள்தோறும் தாளிக்கிற வீட்டில், அடுப்புக்குப் பின்னாலும் சிங்க்குக்குப் பின்னாலும் நீர் புகாத, துடைத்தால் சுத்தமாகிற பரப்பு கட்டாயம் வேண்டும். மேடையின் மற்ற நீளத்தில் அது வசதி. மேடை இல்லாத சுவர்களில் அது விருப்பம். ஆனால் டைல்ஸ் ஒட்டுவதா வேண்டாமா என்பதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மேடைக் கல்லும் சுவரும் சந்திக்கும் அந்த ஒரு விரல் அகல மூலையை எப்படி மூடுகிறோம் என்பதே அது. அதைச் சரியாகச் செய்யாத வீட்டில் கூரை வரை டைல்ஸ் ஒட்டியிருந்தாலும் சுவர் கெடும்.

சுவரில் உண்மையில் என்ன படுகிறது?

காய்ந்த எண்ணெயில் கழுவிய கறிவேப்பிலையைப் போடும்போது, இலையில் ஒட்டியிருக்கும் நீர் நொடியில் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிவதால், தன்னைச் சூழ்ந்துள்ள எண்ணெயைச் சின்னஞ்சிறு துளிகளாக உடைத்து வெளியே வீசுகிறது. கண்ணுக்குத் தெரியும் துளிகள் மேடையிலும் அடுப்பிலும் விழுந்துவிடும், அவற்றைத் துடைத்துவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத துளிகள் சூடான காற்றோடு மேலே ஏறிப் பின்சுவரில் படிகின்றன. அவற்றின் மேல் தூசி ஒட்டி, மறுநாள் எண்ணெய் படிந்து, பிறகு மீண்டும் தூசி ஒட்டி, சில மாதங்களில் விரலால் தொட்டால் பிசுபிசுக்கும் பழுப்பு நிறப் படலம் உருவாகிறது.

இதோடு குக்கரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பருப்பு கொஞ்சம் அதிகமாகிவிட்ட நாளில் விசிலோடு வெளியேறும் மஞ்சள் கலந்த நீர் பின்சுவரில் மூன்றடி, நான்கடி உயரம் வரை தெறிக்கும். மஞ்சளின் நிறம் எண்ணெயில் எளிதில் கரைகிறது. ஆகவே தாளித்த சாம்பார் பட்ட இடத்தில் அந்த நிறம் எண்ணெயோடு சேர்ந்து வர்ணப்பூச்சுக்குள் இறங்கிவிடுகிறது. நாம் வெறும் நீரால் தேய்க்கத் தேய்க்கக் கறை பரவுமே தவிர மறையாது.

சிங்க் பக்கத்துக் கதை வேறு. அங்கே எண்ணெய் குறைவு, நீர்தான் எதிரி. பெரிய பாத்திரத்தைக் குழாயின் கீழே பிடிக்கும் ஒவ்வொரு முறையும் சுவரின் அடிப்பகுதி நனைகிறது. வர்ணம் அடித்த சுவர் ஒருமுறை நனைவதைத் தாங்கும். ஒரு நாளைக்குப் பத்து முறை நனைந்தால் முதலில் வர்ணம் கொப்பளிக்கும், பிறகு வர்ணத்துக்கு அடியில் பூசிய பட்டி உதிரும், அதற்குப் பிறகு பூச்சே பொருபொருத்துப் போகும்.

ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டில் எந்த அளவுக்குப் பாதுகாப்புத் தேவை என்பதை அளந்து பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. இரவில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, அடுப்புக்குப் பின்னால் கீழிருந்து மேலாக மெதுவாக நகர்த்துங்கள். பகலில் சுத்தமாகத் தெரிந்த சுவரில் எண்ணெய்ப் புள்ளிகள் பளபளவென்று தெரியும். அவை அடர்த்தியாக இருக்கும் இடத்தைப் பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கோடு அடுப்பின் இருபுறமும் ஓரடிக்குச் சற்று அதிகமாகவும், உயரத்தில் இரண்டடியைத் தாண்டியும் போயிருக்கும். உங்கள் வீட்டுக்கு எவ்வளவு டைல்ஸ் தேவை என்று பிறர் சொல்வதைவிட அந்தக் கோடு சரியாகச் சொல்லும்.

டைல்ஸ் இல்லாமலே சமாளிக்கக்கூடியவர்கள்

எல்லா வீட்டுக்கும் டைல்ஸ் கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். இன்டக்‌ஷன் அடுப்பில் பால் காய்ச்சி, காலையில் இட்லி அவித்து, மதியச் சாப்பாட்டை வெளியே முடித்துக்கொள்ளும் இருவர் வாழும் வீட்டுக்கு, மேடைக்குப் போட்ட அதே கிரானைட்டில் நான்கு அல்லது ஆறு அங்குல உயரத்துக்கு ஒரு பட்டையைச் சுவரில் நிறுத்திவிட்டு, மேலே கழுவக்கூடிய எமல்ஷன் பெயின்ட் அடித்துக்கொண்டால் போதும். பின்கட்டிலோ வேலைப் பகுதியிலோ தனி அடுப்பு வைத்து, பொரிப்பதையும் வறுப்பதையும் அங்கே செய்துகொள்ளும் வீடுகளிலும் உள் சமையலறைச் சுவருக்குப் பெரிய வேலை இல்லை. டைல்ஸ் அந்தப் பின்கட்டுக்குத்தான் தேவை. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: விருந்தினர் பார்க்கும் உள் சமையலறைக்குச் செலவழித்துவிட்டு, உண்மையான சமையல் நடக்கும் இடத்தை வெறும் சிமெண்ட் பூச்சோடு விட்டுவிடுகிறார்கள்.

டைல்ஸ் பரவலாகாத காலத்தில் மேடைக்கு மேல் மூன்றடிக்கு எனாமல் பெயின்ட் அடித்துவிடும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. அது இன்றும் மோசமான வழி இல்லை. துடைக்க முடியும், செலவு குறைவு. ஆனால் வெளிர் நிற எனாமல் நாளடைவில் மஞ்சளிக்கும். சிங்க்குக்குப் பின்னால் அது நெடுநாள் நிற்காது. மேலும், பிற்காலத்தில் அதன் மேல் டைல்ஸ் ஒட்ட விரும்பினால் முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டியிருக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பின்புறம் பசையுள்ள பிளாஸ்டிக் படலங்களும் அலுமினியத் தாள் சுருள்களும் அடுப்புச் சுவருக்கென்றே விற்கப்படுகின்றன. சிங்க் பக்கத்தில் ஒட்ட பிளாஸ்டிக் படலம் பரவாயில்லை. எரியும் பர்னருக்கு ஓரடி தூரத்தில் அதை ஒட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். சூட்டில் ஓரம் சுருண்டு தளர்ந்து தீப்பிழம்பின் பக்கம் சாயக்கூடும். அக்ரிலிக் தகடும் அப்படியே. அது சூட்டில் இளகும், தீயும் பிடிக்கும். அதற்குப் பதிலாக, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு ஒன்றை அடுப்பின் அகலத்துக்கு வெட்டி, ஓரத்தை மடித்து, நான்கு திருகுகளில் மாட்டிக்கொள்ளலாம். ஓட்டல் அடுப்படிகளில் ஸ்டீல் தகடு அடிக்கப்பட்டிருப்பது எண்ணெயும் சூடும் அதை ஒன்றும் செய்யாது என்பதால்தான். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.

டைல்ஸுக்கு முன்னால் ஓதத்தைப் பாருங்கள்

தமிழ்நாட்டு வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. அக்னி மூலை எனப்படும் தென்கிழக்கில் சமையலறை, கிழக்கு நோக்கி நின்று சமையல் என்பது நம் வழக்கம். அப்படியானால் அடுப்புக்குப் பின்னால் வருவது வீட்டின் கிழக்கு வெளிச்சுவர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் காற்றோடு சேர்ந்து வரும் சாரல் நேராக அறைவதும் அந்தச் சுவரில்தான். வெளிப்பூச்சில் முடி அளவு விரிசல் இருந்தாலும் நீர் உள்ளே இறங்கும். வர்ணம் மட்டும் அடித்திருந்தால் உட்பக்கம் உப்புப் பூத்து, நமக்கு உடனே தெரிந்துவிடும். டைல்ஸ் ஒட்டியிருந்தால் அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பின்னாலேயே நிற்கும். இடைவெளிகளில் வெள்ளைப் பொடியாக உப்பு எட்டிப் பார்க்கும். சில மழைக்காலங்களுக்குப் பிறகு டைல்ஸ் பிடிப்பை இழந்து கையோடு வந்துவிடும்.

ஆகவே, ஓதம் உள்ள சுவரை மறைக்க டைல்ஸ் ஒட்டாதீர்கள். முதலில் வெளிப்பக்க விரிசலை வெட்டி அடைத்து, வெளிச்சுவருக்கு நீர் தடுப்புப் பூச்சு அடித்து, ஒரு மழைக்காலம் கழிந்து உட்சுவர் காய்ந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே டைல்ஸ் வேலையைத் தொடங்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டவர்களுக்கு இந்தக் காத்திருப்பு கடினம் என்பது எனக்குத் தெரியும். காத்திருக்க முடியாவிட்டால் வர்ணத்தோடு குடியேறி, அடுத்த கோடையில் டைல்ஸ் ஒட்டிக்கொள்வது மேல்.

எதுவரை உயர்த்துவது?

மேடைக்கு மேல் இரண்டடி என்பது எங்கும் நிலைத்துவிட்ட அளவு. மேலே தொங்கும் அலமாரிகளின் அடிப்பாகம் ஏறத்தாழ அந்த உயரத்தில் வருவதால், அலமாரி உள்ள இடங்களுக்கு அது பொருந்தும். அடுப்புக்குப் பின்னால் மட்டும் பொருந்தாது. கணக்கைப் பாருங்கள். மேடையின் மேல் வைக்கும் அடுப்பின் உயரம் 4 முதல் 6 அங்குலம். அடுப்பிலிருந்து சிம்னியின் அடிப்பாகம் பொதுவாக 26 முதல் 30 அங்குலம் மேலே இருக்கும். ஆக, மேடையிலிருந்து சிம்னி வரை 30 முதல் 36 அங்குலம். இரண்டடி டைல்ஸ் 24 அங்குலத்தோடு நின்றுவிடுகிறது. மிச்சமுள்ள 6 முதல் 12 அங்குலப் பட்டை, எண்ணெய்ப் புகை நேராகப் போய் முட்டும் இடத்தில், வெறும் வர்ணத்தோடு நிற்கிறது. புதிய வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் சிம்னிக்குக் கீழே இந்தப் பழுப்புப் பட்டையைப் பார்க்கிறேன். ஆகவே அடுப்பு வரும் அகலத்துக்கு மட்டுமாவது டைல்ஸை சிம்னிக்குப் பின்னால் சில அங்குலம் ஏறும்படி ஒட்டச் சொல்லுங்கள். சிம்னி இல்லாமல் எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் இருந்தால், அடுப்புக்குப் பின்னால் லிண்டல் வரை ஏற்றிவிடுவதே நல்லது.

அளவுக் கணக்கையும் ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். எட்டடியும் ஆறடியுமாக, மூலையில் திரும்பும் மேடை என்று வைத்துக்கொள்வோம். மொத்த நீளம் 14 அடி. இரண்டடி உயரத்துக்கு 28 சதுர அடி. 12க்கு 18 அங்குல டைல்ஸைப் படுக்கை வாட்டத்தில் ஒட்டினால் இரண்டு வரிசையில் சரியாக 24 அங்குலம் வந்துவிடும். குறுக்கே வெட்ட வேண்டியதில்லை. அதே டைல்ஸை நிறுத்தி ஒட்டினால் ஒரு வரிசை முழுசாகவும், அதன் மேல் 6 அங்குல வெட்டுத்துண்டுகள் ஒரு வரிசையாகவும் வந்து, வேலையும் வீணும் கூடும். அடுப்புக்குப் பின்னால் இன்னொரு வரிசை, மூன்று டைல்ஸ் அகலத்துக்கு ஏற்றினால் நாலரை சதுர அடி கூடும். மொத்தம் 32.5 சதுர அடி. ஒரு டைல்ஸ் ஒன்றரை சதுர அடி என்பதால் 22 தேவை; வெட்டுக்கும் உடைசலுக்கும் பத்து சதவீதம் சேர்த்து 25 என்று கணக்கிட்டு, பெட்டிக் கணக்கில் வாங்கலாம். சன்னல் வரும் இடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் சன்னலின் பக்கவாட்டுச் சுவர்களையும் அடிப்பகுதியையும் மறந்துவிடாதீர்கள். சிங்க்குக்கு மேலே சன்னல் இருந்தால் நீர் தேங்குவது அந்த அடிப்பகுதியில்தான்.

எந்தப் பொருள்?

கடைக்குள் நுழைந்ததும் கண்ணைப் பறிப்பவை புடைப்பு வேலைப்பாடுள்ள டைல்ஸ். அவற்றை வரவேற்பறைக்கு விட்டுவிடுங்கள். ஒவ்வொரு புடைப்பின் கீழ்விளிம்பும் எண்ணெய் தங்கும் திண்ணை. அடுப்புக்குப் பின்னால் வழவழப்பான, தட்டையான, பளபளப்பூச்சு உள்ள சாதாரண செராமிக் டைல்ஸே நெடுநாள் உழைக்கும். ஒரு துணியால் ஒரே இழுப்பில் சுத்தமாகும்.

செராமிக்குக்கும் விட்ரிஃபைடுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது வேலையின்போது உதவும். சுவருக்கான செராமிக் டைல்ஸின் பின்பக்கம் தன் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் நீரை உறிஞ்சும். விட்ரிஃபைடு அரை சதவீதத்தைக்கூட உறிஞ்சாது. செராமிக்கை நீரில் ஊறவைத்துச் சிமெண்ட் கலவையில் ஒட்டும் பழைய முறை நிற்பது, அந்த உறிஞ்சும் தன்மையால்தான். விட்ரிஃபைடு டைல்ஸை அப்படி ஒட்டினால் சிமெண்ட் அதைப் பிடித்துக்கொள்ளாது. அதற்கென உள்ள டைல் பசையைத்தான் பயன்படுத்த வேண்டும். பசை மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மேடைக் கல்லையே சுவரிலும் ஏற்றுவது கிரானைட்டில் மிகச் சிறப்பாக அமையும். இணைப்புகள் குறைவு, சூடு தாங்கும். ஆனால் மார்பிளையும் கடப்பாக் கல்லையும் அடுப்புக்குப் பின்னால் வைக்காதீர்கள். இரண்டும் சுண்ணாம்பு வகைக் கற்கள். புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் பட்ட இடம் மெருகு இழந்து சொரசொரக்கும், பிறகு அங்கே அழுக்கு ஏறும். சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடிக் கற்களைச் சமையலறைச் சுவரில் பதிக்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் கையால் நிறம் ஊற்றிச் செய்யப்படும் அவற்றின் அழகுக்கு எனக்கும் மனம் இழுக்கிறது. ஆனால் அவை சிமெண்ட்டால் ஆனவை, சுடப்படாதவை, மஞ்சளையும் எண்ணெயையும் குடிக்கும். நீர் தடுப்புப் பூச்சு கொடுத்து, சிங்க்குக்கும் அடுப்புக்கும் தொலைவான சுவரில் வைத்தால் மனநிறைவோடு பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பின்பக்கம் வர்ணம் பூசிய கண்ணாடியை விரும்பினால், அது கடினப்படுத்திய கண்ணாடியாக இருக்க வேண்டும். இணைப்பே இல்லாமல் ஒரே பலகையாக வருவதால் துடைப்பதற்கு இதைவிட எளிதான பரப்பு கிடையாது. ஆனால் ஒருமுறை கடினப்படுத்திய கண்ணாடியில் பிறகு துளையிடவோ ஓரம் வெட்டவோ முடியாது, உடைந்து நொறுங்கிவிடும். ஸ்விட்ச் போர்டு, குழாய் எல்லாவற்றின் இடத்தையும் முன்கூட்டியே துல்லியமாக அளந்து கொடுத்தாக வேண்டும்.

நிறத்தைப் பொறுத்தவரை உங்கள் வீட்டுத் தண்ணீரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில், சிங்க்குக்குப் பின்னால் கருநிறப் பளபளப்பு டைல்ஸ் ஒட்டினால், காய்ந்த ஒவ்வொரு துளியும் வெள்ளை வளையமாகத் தெரியும். அங்கே வெளிர் சாம்பல், சந்தன நிறம் போன்றவை உறுத்தாது.

வேலை நடக்கும் நாட்களில்

மின்சாரக் குழாய்களும் தண்ணீர்க் குழாய்களும் சுவருக்குள் போய், நீர் அடைத்துக் கசிவு பார்த்த பிறகே டைல்ஸ் வேலை தொடங்க வேண்டும். மிக்ஸிக்கும் கிரைண்டருக்குமான பிளக்குகளை மேடையிலிருந்து ஓரடி உயரத்தில், அடுப்புக்கும் சிங்க்குக்கும் நேர் பின்னால் வராமல், பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். பழைய சுவரானால் வர்ணத்தையும் பட்டியையும் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூச்சின் மேல்தான் ஒட்ட வேண்டும். வர்ணத்தின் மேல் ஒட்டிய டைல்ஸைத் தாங்கி நிற்பது வர்ணத்தின் பிடிப்பு மட்டுமே. புதிய சுவரானால் பூச்சை ஏழு நாளாவது நீராட்டி, பிறகு காயவிட்டு ஒட்டுவது முறை. டைல்ஸ் வரும் இடத்தில் பூச்சை வழவழவென்று தேய்த்து முடிக்காமல் சொரசொரப்பாக விட்டுவைக்க முன்பே சொல்லிவிடுங்கள்.

டைல்ஸுக்குப் பின்னால் நான்கு மூலையிலும் நடுவிலும் கலவை உருண்டைகளை வைத்து அமுக்கிவிட்டுப் போவது வேகமான வழி. அதனால் பின்னால் உண்டாகும் பொந்துகளில்தான் கரப்பான் குடியேறுகிறது. ஆணி அடித்தால் டைல்ஸ் உடைவதும் அங்கேதான். பல் வெட்டிய கரணையால் பசையைச் சுவர் முழுவதும் கோடு கோடாக இழுத்து, அதன் மேல் டைல்ஸைப் பதிக்கச் சொல்லுங்கள். மறுநாள் நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பார்த்தால் பொந்துள்ளது 'டொக்' என்று தனித்து ஒலிக்கும். இடைவெளி நிரப்புவதற்கு முன்பே அதைக் கழற்றி ஒட்டச் சொல்லிவிடலாம். பிறகு சொன்னால் யாரும் வர மாட்டார்கள்.

அடுப்பு வரும் இடத்தின் நடுக்கோட்டைச் சுவரில் குறித்து, அங்கிருந்து இருபுறமும் டைல்ஸ் போகும்படி தொடங்கினால் வெட்டுத்துண்டுகள் மூலைகளுக்குப் போய்விடும். டைல்ஸுகளுக்கு நடுவே குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். இடைவெளியே தெரியாமல் ஒட்டித் தருகிறேன் என்று பெருமையாகச் சொல்பவரிடம் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். இடமே இல்லாத வெடிப்பில் நிரப்புப் பொருள் இறங்காது, நீர் இறங்கும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்த மூலை. எங்கள் வீட்டில் சுவர் டைல்ஸை முதலில் ஒட்டிவிட்டு, பிறகு கிரானைட்டை அதன் முன்னால் கொண்டுவந்து முட்டினாற்போல் வைத்து, நடுவில் வெள்ளைச் சிமெண்ட்டைப் பூசிவிட்டார்கள். பார்க்க மிக நேர்த்தியாக இருந்தது. இரண்டாவது ஆண்டில் சமையலறைச் சுவரின் மறுபக்கம், ஹாலில், முழங்கால் உயரத்தில் வர்ணம் கொப்பளித்தது. விரலால் அழுத்தினேன், உள்ளே பட்டி கோதுமை மாவைப் போல் ஈரமாக உதிர்ந்தது. குழாய் கசிகிறது என்று எண்ணி ஹால் சுவரை உடைத்தோம். குழாயில் ஒரு பழுதும் இல்லை. சிங்க்குக்குப் பின்னால் வெள்ளைச் சிமெண்ட்டில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது. டைல்ஸில் வழிந்த நீர் முழுவதும் அந்தக் கோட்டில் இறங்கி, கல்லின் பின்னால் போய், கீழ் அலமாரியின் பலகையை ஊதவைத்து, சுவரைக் கடந்து ஹாலுக்கு வந்திருந்தது.

சரியான முறை அதற்கு நேர்மாறானது. மேடைக் கல்லை முதலில் சுவரின் பூச்சுக்குள் சற்றே புகும்படி வைத்துவிட்டு, டைல்ஸை அதன் மேல் இறக்க வேண்டும். அப்போது சுவரில் வழியும் நீர் கல்லின் பின்னால் போகாமல் கல்லின் மேலேயே விழும். டைல்ஸின் அடிவிளிம்பைக் கல்லோடு முட்டவிடாமல் 2, 3 மில்லிமீட்டர் தூக்கி நிறுத்தி, அந்த இடைவெளியைச் சிமெண்ட்டால் அல்ல, பூஞ்சை பிடிக்காத வகை சிலிகானால் அடைக்க வேண்டும். கல்லும் சுவரும் சூட்டுக்கும் பாரத்துக்கும் வெவ்வேறு விதமாக அசைகின்றன. தேங்காய் உடைக்கும்போதும் இடிகல்லில் இடிக்கும்போதும் மேடை நுண்மையாக அதிர்கிறது. சிமெண்ட்டுக்கு நெகிழத் தெரியாது, வெடிக்கத்தான் தெரியும். சிலிகான் ரப்பரைப் போல் நெகிழ்ந்து கொடுக்கும். ஒட்டும் இடம் உலர்ந்தும் தூசியில்லாமலும் இருக்க வேண்டும்; பூசிய பிறகு ஒரு நாள் முழுவதும் நீர் படக்கூடாது. ஏற்கெனவே கட்டிய வீட்டிலும் பழைய வெள்ளைச் சிமெண்ட்டைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு இதைச் செய்துகொள்ளலாம். அரை நாள் வேலை. ஒரு குழல் சிலிகான்.

இடைவெளிகளும் துப்புரவும்

டைல்ஸில் கறை பிடிப்பதில்லை. டைல்ஸுக்கு நடுவிலுள்ள கோடுகளில்தான் பிடிக்கிறது. இந்தக் கோடுகளை நிரப்பும் கலவையைத்தான் கிரவுட் என்கிறார்கள். வெள்ளைச் சிமெண்ட்டோ சிமெண்ட் வகை கிரவுட்டோ நுண்துளைகள் உள்ளவை. அடுப்புக்குப் பின்னாலுள்ள சில சதுர அடிகளுக்கு மட்டுமாவது எபாக்ஸி எனப்படும் பிசின் வகை கிரவுட் போடச் சொல்வேன். விலை அதிகம், விரைவில் இறுகிவிடுவதால் டைல்ஸின் மேல் படிந்ததை உடனுக்குடன் துடைத்தாக வேண்டும், பழக்கமுள்ள கை தேவை. ஆனால் எண்ணெயையும் மஞ்சளையும் அது உறிஞ்சாது. எபாக்ஸி வேண்டாமென்றால் வெள்ளையைத் தவிர்த்துச் சாம்பல் நிற கிரவுட்டைத் தேர்ந்தெடுங்கள்.

மஞ்சள் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்ததும் அது செக்கச்செவேலென்று ஆவதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேரும்போது சிவப்பதும் இதே காரணத்தால்தான். சோப்பின் காரத்தன்மைக்கு மஞ்சளின் நிறம் மாறுகிறது. நன்றாக அலசினால் சிவப்பு போய்விடும். எஞ்சும் மஞ்சள், வெயில் படும் இடமாக இருந்தால் சில நாட்களில் தானாக வெளுக்கும். கிழக்குச் சன்னல் உள்ள சமையலறைக்கு இது இயற்கை தரும் உதவி.

அன்றன்றைய எண்ணெயை அன்றிரவே, அடுப்பு ஆறிய பிறகு, வெந்நீரும் பாத்திரம் துலக்கும் திரவமும் தொட்ட துணியால் துடைத்தால் போதும். பழைய பிசுக்குக்கு அதே திரவத்தோடு சமையல் சோடாவைக் குழைத்துப் பூசிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கம்பி நாரைப் பளபளப்புப் பூச்சின் மேல் வைக்காதீர்கள். ஆசிட் வேண்டவே வேண்டாம். அது சிமெண்ட் கோடுகளைத் தின்று பள்ளமாக்கும், அடுத்த முறை கறை இன்னும் ஆழமாக இறங்கும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் பயன்படுத்தினால் குளோரின் வாயு வெளியாகி மூச்சை அடைக்கும். மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து.

வேலை முடிந்து பணம் கொடுப்பதற்கு முன், சிலிகான் இறுகிய மறுநாள், கீழ் அலமாரியைக் காலி செய்து உள்ளே செய்தித்தாள் விரியுங்கள். மேலே மூலை நெடுக ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் தாளைத் தொட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால், மிஞ்சிய டைல்ஸை அதன் பெட்டியோடு, தொகுதி எண்ணும் நிற எண்ணும் அச்சிட்ட பக்கம் வெளியே தெரியும்படி, பரணில் எடுத்து வையுங்கள். ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஒரு டைல்ஸ் உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.